வரி போட்ட கல்லு மீனுக்குப் பெயர் கண்டுபிடிப்பது எப்படி?

இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் போய்க் கடலில் முகத்தை நனைத்த எவருக்கும் இந்த மீனைத் தெரியும். உள்ளங்கை அளவு, வெள்ளி உடம்பு, முதுகில் மஞ்சள், மேலிருந்து கீழாகக் கறுப்பு வரிகள். தண்ணீரில் இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே கூட்டமாக வந்து நம்மைச் சுற்றிக்கொள்ளும். வள்ளக்கார அண்ணையிடம் என்ன மீன் என்று கேட்டேன். "அது கல்லு மீன், தம்பி" என்றார். முருகைக்கல்லை (பவளப்பாறையை) அண்டி வாழும் எந்தச் சின்ன மீனைக் காட்டினாலும் அவருக்கு அது கல்லு மீன்தான்.

ஆங்கிலத்தில் இதைச் சார்ஜன்ட் மேஜர் என்பார்கள். பட்டாளத்துச் சட்டைக் கையில் தைத்திருக்கும் பட்டிகளை நினைத்து வைத்த பெயர். ஆனால் அந்தப் பெயரில் ஒரு மீன் அல்ல, ஒரு கூட்டமே இருக்கிறது. அபுடெஃப்டஃப் என்ற பேரினத்தில் ஏறக்குறைய இருபது இனங்கள்; பலதும் வரி போட்டவை. ஒரு சீசன் முழுக்க நான் எடுத்த படங்களுக்குத் தவறான இனப்பெயரைப் போட்டு வைத்திருந்தேன். எல்லாவற்றையும் திரும்பத் திறந்து திருத்தியபோது கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். முகமூடி போட்டு மிதக்கவும் கமராவைக் கையாளவும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: மூன்று படம் எடுங்கள்

ஒரே மீனுக்கு மூன்று படம் வேண்டும்: முழு உடம்பு பக்கவாட்டில், வால் தனியாக, முகம் தனியாக. துரத்தினால் மீன் வாலைக் காட்டிக்கொண்டு ஓடும். ஒரு கல்லுக்குப் பக்கத்தில் அசையாமல் மிதந்தால் அதுவாகவே திரும்பி வரும்.

ஃப்ளாஷ் வேண்டாம். கலங்கின தண்ணீரில் மிதக்கும் தூசி எல்லாம் வெள்ளைப் புள்ளியாக விழும். காலை பத்து மணி வெயிலில் இரண்டு, மூன்று மீட்டர் ஆழத்துக்கு வெளிச்சம் தாராளம். கைபேசியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இறங்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். தண்ணீருக்குள் தொடுதிரை ஒழுங்காக வேலை செய்யாது. ஒலிம்பஸ் டிஜி வகை நீர்புகாக் கமரா பழையதாகக் கிடைத்தாலும் வாங்கலாம். மிகக் கிட்ட வைத்தும் அது தெளிவாக எடுக்கும். முகப் படத்துக்கு அதுதான் தேவை.

இன்னொன்று. புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. மீனைப் பிடிக்கவோ முருகைக்கல்லை மிதிக்கவோ கூடாது. பாண் துண்டு போட்டுக் கூட்டம் சேர்க்கவும் வேண்டாம். ஒரு நல்ல படத்துக்காகக் கல்லில் காலை ஊன்றுகிறவர்களைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. அந்தக் கல் உயிரோடு இருக்கிறது.

படி 2: குடும்பம் சரியா என்று பாருங்கள்

முகப் படத்தைப் பெரிதாக்குங்கள். கண்ணுக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு சின்னத் துளை தெரியும். அது மூக்கு. பெரும்பாலான கல்லு மீன்களுக்குப் பக்கத்துக்கு இரண்டு துளை. இந்தக் குடும்பத்தில், சில இனங்கள் தவிர, பக்கத்துக்கு ஒன்றுதான். குடும்பத்தின் பெயர் பொமாசென்ட்ரிடே. அனிமோன் என்ற கடலுயிருக்குள் ஒளியும் செம்மஞ்சள் கோமாளி மீனும் இதே குடும்பம்தான். வரி போட்ட வண்ணத்துப்பூச்சி மீனையும் இதையும் குழப்பிக்கொள்கிறவர்களுக்கு இந்த ஒற்றைத் துளை போதும்.

படி 3: வரியை எண்ணாதீர்கள், முதலில் வாலைப் பாருங்கள்

நான் தடுக்கி விழுந்தது இங்கேதான்.

அபுடெஃப்டஃப் இனங்களின் பட்டியலில் செக்ஸ்ஃபாசியாட்டஸ் என்று ஒரு பெயர் இருந்தது. லத்தீனில் ஆறு வரி என்று பொருள். சரி, ஆறு வரி இருந்தால் அதுதான் என்று முடிவு கட்டி, ஒவ்வொரு படத்திலும் வரியை எண்ணினேன். சிலவற்றில் ஐந்து வந்தது, சிலவற்றில் ஆறு. ஆறு வந்ததை எல்லாம் செக்ஸ்ஃபாசியாட்டஸ் என்று பெயரிட்டேன். ஆறாவது எங்கிருந்து வந்தது தெரியுமா? கண்ணுக்கு மேலே தலையுச்சி கருத்திருக்கும். வெளிச்சம் குறைந்த படங்களில் அதுவும் ஒரு வரி போலத் தெரிந்தது.

உண்மையில் செக்ஸ்ஃபாசியாட்டஸின் உடம்பில் தெளிவாக இருப்பது ஐந்து கறுப்பு வரி. நம் கடலில் அதிகம் காணும் வைகியென்சிஸ் என்ற இனத்துக்கும் ஐந்துதான். முதல் வரி பிடரியிலிருந்து நெஞ்சுத் துடுப்பின் அடிக்கு இறங்கும். ஐந்தாவது வால் தொடங்கும் இடத்தில் இருக்கும். ஆக எண்ணிக்கையை வைத்து இந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது. பெயர் என்பது அடையாளம் மட்டுமே, அது விவரிப்பு அல்ல என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

பிரிப்பது வால். செக்ஸ்ஃபாசியாட்டஸின் வாலில் மேல் மடலில் ஒன்று, கீழ் மடலில் ஒன்று என நீளவாக்கில் இரண்டு கறுப்புக் கோடுகள் ஓடும். திறந்து வைத்த கத்தரிக்கோல் போல இருக்கும். வைகியென்சிஸின் வாலில் அந்தக் கோடு கிடையாது, முதுகில் மஞ்சள் இருக்கும். மஞ்சளை மட்டும் நம்ப வேண்டாம். மீனின் மனநிலைக்கும் வெளிச்சத்துக்கும் ஏற்ப அது மங்கும். வால் கோடு ஏமாற்றாது.

மற்றவற்றையும் வாலிலிருந்தே தொடங்கலாம். வால் மடல்களின் நுனி கூராக இல்லாமல் உருண்டையாக, உடம்பில் ஆறேழு மெல்லிய வரிகள் இருந்தால் பெங்காலென்சிஸ். வாலே மஞ்சளாக இருந்தால் நோட்டாட்டஸ். வால் தண்டின் (உடம்பு ஒடுங்கி வாலோடு சேரும் இடத்தின்) மேல்பக்கத்தில் சேணம் வைத்தது போல ஒரு கறுப்புத் திட்டு, உடம்பு வரிகள் மங்கல் என்றால் சோர்டிடஸ். திட்டு இல்லை, வரிகள் அகலம், மஞ்சளும் இல்லை, அலை அடிக்கும் கல்லோரம் என்றால் செப்டெம்ஃபாசியாட்டஸாக இருக்கலாம். இதன் பெயருக்கு ஏழு வரி என்று பொருள். தயவுசெய்து எண்ணத் தொடங்கிவிடாதீர்கள்.

படி 4: கையில் மீன் கிடைத்தால்

பூங்காவுக்கு வெளியே மீனவர் வலையில் சிக்கி, விலை போகாமல் ஒதுக்கிய மீன் கிடைத்தால் கேட்டு வாங்கலாம். ஈரப் பலகையில் தலை இடப்பக்கம் பார்க்க வைத்து, பக்கத்தில் அடிமட்டம் வைத்து முதலில் படம் எடுங்கள். செத்த மீனில் மஞ்சள் சீக்கிரம் போய்விடும்.

பிறகு குண்டூசியால் துடுப்புகளை விரித்து எண்ணுங்கள். வைகியென்சிஸின் முதுகுத் துடுப்பில் 13 முட்கள், அவற்றுக்குப் பின்னால் 11 முதல் 14 வரை மென்கதிர்கள், அதாவது வளையும் மெல்லிய கதிர்கள். அடித்துடுப்பில் (வயிற்றுக்குப் பின்னால், வாலுக்கு முன்னால் இருப்பது) 2 முட்கள், 11 முதல் 13 வரை மென்கதிர்கள். எனக்கு எப்போதும் ஒன்று கூடுதலாகவே வந்தது. கடைசி மென்கதிர் அடியிலேயே இரண்டாகப் பிரிந்து, இரண்டு கதிர் போல நிற்கும். அடியில் ஒட்டியிருந்தால் அதை ஒன்றாகத்தான் எண்ண வேண்டும். எல்லாருடைய கணக்கும் அப்படித்தான். இதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு ஆள் இருக்கவில்லை. கைலென்ஸ் பத்து மடங்கு பெருக்குவது போதும், மைக்ரோஸ்கோப் தேவையில்லை.

நீளத்தை முகத்தின் முன் நுனியிலிருந்து வால் எலும்பு முடியும் இடம் வரை அளக்க வேண்டும். வாலை மெதுவாக மடக்கினால் ஒரு மடிப்பு விழும், அதுதான் அந்த இடம்.

படி 5: பெயரைச் சரியாக எழுதுங்கள்

பழைய நூல்கள் சிலவற்றில் நம் கடல் மீனுக்கு அபுடெஃப்டஃப் சாக்ஸாட்டிலிஸ் என்று போட்டிருக்கும். அது உயிரினங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் 1758இல் பெயரிட்ட அட்லாண்டிக் மீன். பார்வைக்கு இரண்டும் அச்சாக ஒன்று போல இருப்பதால் வந்த குழப்பம். நம்முடையதை க்வாய், கைமார் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் 1825இல் விவரித்தார்கள். 1817இல் உலகைச் சுற்றப் புறப்பட்ட யுரானி கப்பலில் போனவர்கள் அவர்கள். நியூகினியாவுக்கு மேற்கே உள்ள வைகியோ தீவின் பெயரால் மீன் வைகியென்சிஸ் ஆனது.

ஆகவே முழுப் பெயர்: அபுடெஃப்டஃப் வைகியென்சிஸ் (க்வாய், கைமார், 1825). அடைப்புக்குறியை விட்டுவிடாதீர்கள். அவர்கள் இதை வேறொரு பேரினத்தில் வைத்தார்கள், பின்னர் இங்கே மாற்றப்பட்டது என்பதை அந்தக் குறிதான் சொல்கிறது. செல்லுபடியாகும் பெயர் எது என்று பார்க்க கலிபோர்னியா அறிவியல் கழகத்தின் மீன் பெயர்ப் பட்டியலையே நான் முதலில் திறப்பேன். படத்துக்கும் துடுப்புக் கணக்குக்கும் ஃபிஷ்பேஸ் என்ற இணையத் தரவுத்தளம்.

படி 6: மற்றவர்களிடம் காட்டுங்கள்

உயிரினப் படங்களைப் பகிர்ந்து இனம் காணும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் மூன்று படத்தையும் ஒரே பதிவாக ஏற்றுங்கள். இடத்தையும் தேதியையும் மறக்காதீர்கள். செயலி தானாகச் சொல்லும் பெயரை உடனே அழுத்தாமல், வாலைப் பார்த்து நீங்கள் எடுத்த முடிவைப் போடுங்கள்.

பின்சேர்க்கை 1: உடம்பு நீலமாக இருக்கிறதே, இது வேறு இனமா என்று இரண்டு பேர் படம் அனுப்பியிருந்தார்கள். இரண்டும் வைகியென்சிஸ்தான். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீன் நீலம் பூசிக்கொள்ளும். கல்லில் ஒட்டிய முட்டைகளை அதுதான் காவல் காக்கும். ஒரு படத்தில் மீனுக்குக் கீழே கல்லின் மேல் ஊதாக் கறை போல ஒரு திட்டு தெரிகிறது, அது முட்டைகள். அப்படிக் கண்டால் விலகி வந்துவிடுங்கள். காவல் மீன் உங்களைத் துரத்த வெளியே வந்தால், மற்ற மீன்கள் அந்த நேரம் பார்த்து முட்டையைத் தின்றுவிடும்.

பின்சேர்க்கை 2: கரையிலிருந்து வெகு தூரத்தில், மிதக்கும் கடற்பாசிக்கு அடியில் கண்ட நகத்தளவுக் குஞ்சுகளைப் பற்றிக் கேட்டிருந்தார் ஒருவர். வைகியென்சிஸ் குஞ்சுகள் அப்படி மிதவைகளுக்கு அடியில் ஒதுங்குவது வழக்கம். ஆனால் அந்த அளவில் வால் கோடு சரியாகத் தெரியாது என்பதால் நான் பேரினத்தோடு நிறுத்திக்கொண்டேன். அவருடைய பதிவில் இப்போது அபுடெஃப்டஃப் என்று மட்டும் இருக்கிறது.