கடற்கரைச் சுட்ட சோளத்தை வீட்டு அடுப்பில் செய்வது எப்படி?

சென்னை மெரினாவிலோ பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையிலோ சோள வண்டியின் அருகே சற்று நேரம் நின்றவர்கள், அங்கே வேலை எந்த வரிசையில் நடக்கிறது என்பதைப் பார்த்திருப்பார்கள். கதிர் எதுவும் பூசப்படாமல் வெறுமையாகவே தணலில் வைக்கப்படும். வண்டிக்காரர் ஒரு கையால் விசிறிக்கொண்டே மறு கையால் அதை உருட்டிக்கொண்டிருப்பார். ஆங்காங்கே கருந்திட்டுகள் விழுந்த பிறகு வெளியே எடுத்து, அரை மூடி எலுமிச்சையை உப்பும் மிளகாய்த்தூளும் கலந்த பொடியில் தொட்டு, நீளவாக்கில் அழுத்தித் தேய்த்துக் கொடுப்பார். வீட்டில் புதிதாக முயல்கிறவர்கள் பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள். எண்ணெயில் குழைத்த மிளகாய்த்தூளைப் பூசிவிட்டுக் கதிரை நெருப்பில் காட்டினால், மணிகள் வேகும் முன்பே தூள் கருகி, சமையலறை முழுவதும் நெடியேறி, வீட்டிலுள்ள அனைவரும் இருமத் தொடங்கிவிடுவார்கள், சோளமும் கசந்துபோகும். நெருப்பின் வேலை முடிந்த பிறகுதான் காரத்தின் வேலை தொடங்க வேண்டும்.

கதிரைத் தேர்ந்தெடுத்தல்

சுட்ட சோளத்தின் சுவையில் பாதி, கடையில் கதிரைப் பொறுக்கும்போதே முடிவாகிவிடுகிறது. பெரம்பலூர்ப் பக்கத்தில் காடு காடாக விளைந்து கோழித்தீவனத்துக்குப் போகும் மக்காச்சோளம் நன்றாக முற்றிக் காய்ந்த பிறகு அறுக்கப்படுவது. அந்த நிலையில் அது சுடுவதற்கு ஆகாது. நமக்கு வேண்டியது பால் பிடித்த பருவத்துக் கதிர். கதிரின் நுனியில் முடி போன்ற நார் வெளிவந்து ஏறக்குறைய 3 வாரங்களில் அந்தப் பருவம் வரும். அப்போது நார் பழுப்பாகி வாடியிருக்கும். ஆனால் மேல்தோகை பசுமை மாறாமல் கதிரை இறுகப் பற்றியிருக்கும்.

தோகையைச் சற்றே விலக்கி ஒரு மணியை நகத்தால் அழுத்திப் பாருங்கள். பால் போன்ற சாறு வந்தால் அதுவே சரியான கதிர். தெளிந்த நீராக வந்தால் இன்னும் பிஞ்சு. சாறே இல்லாமல் மாவு மாதிரி நகத்தில் ஒட்டினால் முற்றிவிட்டது என்று பொருள். பறித்த நேரத்திலிருந்தே மணியிலுள்ள சர்க்கரை மெல்ல மெல்ல மாவுச்சத்தாக மாறிக்கொண்டிருப்பதால், வாங்கிய அன்றே சுட்டுவிடுவது நல்லது. முடியாதபோது, தோகையை உரிக்காமல் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

சந்தையில் ஸ்வீட் கார்ன், நாட்டு மக்காச்சோளம் என இரண்டும் கிடைக்கும். ஸ்வீட் கார்ன் நீரும் இனிப்பும் மிகுந்தது, விரைவில் வேகும், குழந்தைகளுக்கு ஏற்றது. ஆனால், சுடுவதற்கென்று கேட்டால் நாட்டுச் சோளத்தையே சொல்வேன். அதன் மெல்லும் பதமும் மாவுச் சுவையும் காரத்தையும் புளிப்பையும் தாங்கி நிற்கும், ஸ்வீட் கார்னின் இனிப்போ அவற்றோடு மல்லுக்கு நிற்கும்.

காரப்பொடி

4 கதிர்களுக்கு 5 காய்ந்த மிளகாயையும் அரைத் தேக்கரண்டி சீரகத்தையும் வெறும் வாணலியில், மிகக் குறைந்த தீயில், மிளகாய் மொரமொரப்பாகும் வரை வறுத்து ஆறவிடுங்கள். அதோடு ஒன்றரைத் தேக்கரண்டி கல்லுப்பைச் சேர்த்து உரலில் இடித்தோ மிக்சியில் ஓட்டியோ எடுத்துக்கொள்ளுங்கள். கல்லுப்பையும் மிளகாயையும் ஒன்றாக இடிக்கும்போது இரண்டும் சீராகக் கலந்துவிடும். ஒரு கடியில் உப்பு, மறு கடியில் காரம் என்று பிரிந்து தெரியாது. நேரமில்லாதவர்கள் மிளகாய்த்தூளையும் தூள் உப்பையும் சம அளவில் கலந்துகொள்ளலாம். நிறம் வேண்டும், காரம் குறைவாக இருக்கட்டும் என்பவர்களுக்குக் காஷ்மீரி மிளகாய்த்தூள் பொருந்தும். விதை நீக்கிய எலுமிச்சம்பழம் 2 தேவை. பொடியை மொத்தமாக எலுமிச்சையால் தொட்டால் ஈரம் பட்டுக் கட்டி கட்டியாகிவிடும்; ஆகவே ஒரு சிறு தட்டில் அவ்வப்போது கொஞ்சமாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சுடுதல்

தோகையை அடிவரை உரித்து, கிள்ளி எறியாமல் பின்புறமாக மடக்கிக் கட்டிவிட்டால் கைப்பிடியாகும். நெருப்பில் படாமல் பார்த்துக்கொள்வதே இதில் உள்ள ஒரே கவனம். நாரை ஈரத்துணியால் துடைத்தால் எளிதில் வந்துவிடும். அந்த நாரின் ஒவ்வோர் இழையும் ஒரு மணியோடு தொடர்புடையது. மகரந்தம் எட்டாத இழைக்குரிய இடத்தில் மணி உருவாவதில்லை. சில கதிர்களின் நுனி பொக்கை வாய் போலிருப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

எரிவாயு அடுப்பில் அப்பளம் சுடும் கம்பி வலையை வைத்து, தீயை நடுத்தரத்துக்கும் சற்றுக் குறைவாக வையுங்கள். கதிரை வலைமேல் கிடத்தி, ஒரு பக்கத்து மணிகள் நிறம் மாறிப் பளபளத்ததும் இடுக்கியால் கால் சுற்றுத் திருப்புங்கள். இவ்வாறு திருப்பித் திருப்பிச் சுட்டால் ஸ்வீட் கார்னுக்கு 8 முதல் 10 நிமிடங்களும், நாட்டுச் சோளத்துக்கு 12 நிமிடங்கள் வரையும் ஆகும். பெரிய தீயில் வைத்தால் வெளியே கரியாகி உள்ளே பச்சையாக நிற்கும். தொடக்கத்தில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். மணிக்குள்ளிருக்கும் நீர் ஆவியாகித் தோலைக் கிழிப்பதால் இடையிடையே பட் பட்டென்று வெடிக்கும், சில மணிகள் தெறிக்கவும் செய்யும். முகத்தைக் குனிந்து வைத்துக்கொண்டு பார்க்க வேண்டாம். தளர்ந்து தொங்கும் துப்பட்டாவையும் முந்தானையையும் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள்.

ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மணிகளில் கருந்திட்டும், மற்றவற்றில் பொன்னிறமும் தென்பட்டு, ஒரு மணியைப் பிய்த்து மென்றால் பச்சை வாசனை இல்லாமலிருந்தால் கதிர் தயார். வாங்கிய கதிர் முற்றியது என்று வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தால், உப்பு நீரில் பிரஷர் குக்கரில் 2 விசில் விட்டு, ஈரத்தை நன்றாகத் துடைத்து, பிறகு 3 நிமிடங்கள் மட்டும் நெருப்பில் காட்டுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பு மட்டுமே உள்ளவர்கள் காய்ந்த இரும்புத் தோசைக்கல்லில் உருட்டி உருட்டிச் சுடலாம். புகை மணம் சற்றுக் குறையும், அவ்வளவே.

எலுமிச்சை தேய்த்தல்

கதிர் கைபொறுக்கும் சூட்டுக்கு வருவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும். அரை மூடி எலுமிச்சையின் வெட்டுப்பக்கத்தைப் பொடியில் ஒற்றி எடுத்து, அடியிலிருந்து நுனிவரை மணி வரிசைகளின் இடுக்குகளில் இறங்கும்படி, மூடியை லேசாகப் பிழிந்துகொண்டே தேய்த்துச் செல்லுங்கள். சாறு முதலில் வந்து பொடியைக் கரைக்கும். கரைந்த உப்பும் காரமும் வெடித்த மணிகளுக்குள் இறங்கும். ஒரு கதிருக்கு இரண்டு முறை பொடி தொட்டால் போதும். வெண்ணெய் விரும்புகிறவர்கள் எலுமிச்சைக்கு முன்பாக மிக மெல்லியதாகத் தடவ வேண்டும். அதிகமானால் அந்த வழவழப்பில் எலுமிச்சைச் சாறு ஒட்டாமல் வழிந்துவிடும்.

கரியின் மணம் வேண்டுமென்றால் மொட்டை மாடியில் குமுட்டி அடுப்பு மூட்டலாம். கரியின்மேல் வெண்சாம்பல் பூத்து, சுடர் அடங்கிய பிறகே கதிரை வைக்க வேண்டும். மூடிய அறையிலோ சன்னல் சாத்திய சமையலறையிலோ கரி அடுப்பை ஒருபோதும் மூட்டாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு மணமற்றது, உயிருக்கே ஆபத்தானது.

ஈரம் படாத பொடி மீந்தால் புட்டியில் அடைத்து வையுங்கள். மாங்காய்க் கீற்றுக்கும் கொய்யாவுக்கும் அதுவே போதும்.