வாளியைத் தூக்குமுன்: எண்ணெய்க் கசிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2017 ஜனவரியில் சென்னைக்கு வடக்கே எண்ணூரில் உள்ள காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியதில், எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையில் தார்க்குழம்பு ஒதுங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தை நிறைத்தது. முதல் தடவை எண்ணெய் அள்ளிய எங்கள் செட்டு செய்த தவறுகளையே இரண்டாம் தடவை புதுப் பையன்கள் வரிசை மாறாமல் செய்தார்கள். கையுறை போடு, பக்கத்தில் பீடி பற்றவைக்காதே என்பதையெல்லாம் எல்லாப் பயிற்சியிலும் சொல்லிவிடுகிறார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வலையைக் கழுவுவது, எரிப்பது

இதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. 2023-ல் ஒரு குப்பத்துத் தம்பி, நாற்றம் தாங்கவில்லை என்று வீட்டில் திட்டியதும் எண்ணெய் அப்பிய வலையை இரவோடு இரவாகக் கொளுத்திவிட்டான். சில நாள் கழித்துச் சேதத்தைக் கணக்கெடுக்க வந்தவர், "வலை எங்கேப்பா?" என்று கேட்டார். சாம்பலைக் காட்டினான். அவர் சாம்பலை எழுதுவாரா? பக்கத்து வீட்டுக்காரர் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவிக் காயப்போட்டிருந்தார். அவர் வலையைப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கு" என்றார்கள். கழுவிய வலை மறுபடி தொழிலுக்கு உதவியதா என்றால், அதுவும் இல்லை.

சுத்தம் செய்வது நல்ல காரியம்தான். ஆனால் சுத்தம் செய்த பொருள் சாட்சி சொல்லாது. முதலில் படம் எடுங்கள். படகின் பதிவு எண், அதன் மேல் கிடக்கும் வலை, பின்னால் ஊரை அடையாளம் காட்டும் கோயிலோ பாலமோ, மூன்றும் ஒரே படத்தில் வரவேண்டும். வலையை மட்டும் கிட்டத்தில் எடுத்தால் அது யார் வலையாகவும் இருக்கலாம். பிறகு எண்ணெய் பட்ட இடத்தில் ஒரு சாண் துண்டை வெட்டிக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, மூடிக்கு அடியில் அலுமினியத் தாள் வைத்து மூடுங்கள். பிளாஸ்டிக் டப்பா வேண்டாம், அதிலிருந்தே எண்ணெயில் ஏதாவது கலந்துவிடும். தேதி, இடம், இரண்டு பேர் கையெழுத்து, அப்புறம் வெயில் படாத இடம். கரையில் ஒதுங்கிய எண்ணெயையும் இப்படி ஒரு பாட்டிலில் எடுத்து வையுங்கள். இந்த எண்ணெய் எந்தக் கப்பலுடையது, எந்த ஆலையுடையது என்று ஆய்வகத்தில் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். "எங்களுடையது இல்லை" என்று யாராவது கைவிரிக்கும்போது அந்தப் பாட்டில் வேண்டியிருக்கும்.

அடுத்தது வருமானம். 2023-ல் அரசு அறிவித்தது மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், சேதமான படகுக்கு 10,000 ரூபாய். அது நிவாரணம். இழப்பீடு வேறு கணக்கு. இதே மாதத்தில் போன வருடங்களில் எவ்வளவு பாடு (பிடிபட்ட மீன்), இப்போது எவ்வளவு என்று ஒப்பிட்டுத்தான் அதைக் கணிப்பார்கள். மூன்று வருடக் கணக்கு கையில் இருந்தால் நல்லது. நம்மில் யார் கணக்கு வைத்திருக்கிறோம்? ஆனால் ஏலக்காரரிடம் நோட்டு இருக்கும், டீசல் போட்ட பங்கில் பில் இருக்கும். கசிவுக்கு முன்பே அவற்றை நகல் எடுத்து வைப்பது மீனவர் சங்கத்தின் வேலை. எண்ணெய் டேங்கர் கப்பலால் வந்த சேதம் என்றால், அதற்கு இழப்பீடு கொடுக்கும் 1992 சர்வதேச நிதியத்தில் இந்தியாவும் உறுப்பு நாடு. சேதம் நடந்து மூன்று வருடத்துக்குள் உரிமை கோர வேண்டும், எப்படியிருந்தாலும் விபத்திலிருந்து ஆறு வருடத்துக்கு மேல் முடியாது. அலைந்து கொண்டிருந்தாலே அந்தக் காலம் ஓடிவிடும்.

படகே இல்லாதவர்களை இதில் மறந்துவிடுகிறோம். கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள், கூடை சுமந்து மீன் விற்கும் அக்காக்கள் ஆகியோரிடம் காட்டுவதற்கு என்ன எண் இருக்கிறது? இறாலை வாங்கும் வியாபாரியின் நோட்டில் அவர்கள் பெயர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் இன்றிலிருந்து எழுதச் சொல்லுங்கள்.

மிதவைத் தடுப்பை ஆற்றுக்குக் குறுக்கே நேராகக் கட்டுவது

நீர் விநாடிக்கு ஓர் அடிக்கு மேல் ஓடினால், நேராகக் கட்டிய மிதவைத் தடுப்புக்கு அடியில் எண்ணெய் நுழைந்து போய்விடும். சாய்த்துக் கட்டுங்கள். அப்போது எண்ணெய் ஒரு கரையோரம் ஒதுங்கும், அங்கே அள்ளலாம். 2020-ல் மொரிஷியஸில் வகாஷியோ கப்பல் பவளப்பாறையில் ஏறி எண்ணெய் கசிந்தபோது, ஊர் மக்கள் கரும்புச் சோகையைத் துணிப்பையில் திணித்துத் தைத்து, மிதக்க பிளாஸ்டிக் பாட்டில்களைக் கட்டித் தாங்களே தடுப்பு செய்தார்கள். நம் ஊரில் வைக்கோல் இருக்கிறது. ஊறி முழுகுவதற்குள் மாற்ற ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

எண்ணெயில் சோப்புத்தூள் போடுவது

வேண்டாம். 1967-ல் டோரி கேனியன் கப்பல் விபத்தில் இங்கிலாந்துக் கரையில் கொட்டிய சோப்பு ரசாயனம், எண்ணெயைவிட அதிக உயிர்களைக் கொன்றது.

அலையாத்திக் காட்டுக்குள் இறங்கி மிதிப்பது

மேலே படிந்த எண்ணெயை வேர் வரைக்கும் சேற்றில் அழுத்திவிடுவீர்கள். படகிலிருந்தே எட்டிய வரை அள்ளுங்கள். மிச்சத்தைத் தெரிந்தவர்கள் வரும்வரை விட்டுவிடுங்கள்.

ஜேசிபி வைத்து மணலை வழிப்பது

மேல் விரற்கடை அழுக்குக்காக மூன்றடி மணலை லாரியில் ஏற்றினால், அடுத்த மழைக்கு அலை வீட்டுக்கு வரும். அள்ளியதை அலை ஏறாத இடத்தில் தார்ப்பாய் விரித்து வையுங்கள். குழி தோண்டிப் புதைத்தால் கிணற்றில் வரும்.

நாற்றமடிக்கும் மீனை ஐஸ் போட்டு விற்பது

ஒரு கூடை போதும், காசிமேடு மீன் சந்தை வரைக்கும் நம் ஊர் மீனுக்கு விலை விழும்.

தகவலை வாட்ஸ்அப்பில் மட்டும் போடுவது

கடலோரக் காவல்படைக்கு 1554-ல் கூப்பிடுங்கள். எந்த இடம், எண்ணெய் என்ன நிறம், எந்தப் பக்கம் நகர்கிறது, இந்த மூன்றையும் சொல்லுங்கள். கூப்பிட்ட நேரத்தையும் எடுத்தவர் சொன்னதையும் சங்க நோட்டில் எழுதுங்கள். கண்ணாடிப் பாட்டில், அலுமினியத் தாள், அழியாத பேனா, தார்ப்பாய், கையுறை எல்லாம் ஐப்பசி பிறக்குமுன் சங்க அறைக்கு வந்துவிட வேண்டும். சாவியை இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவர் எப்படியும் கடலில் இருப்பார்.