பின்கட்டுக்கும் வைஃபை: பழைய ரவுட்டரை அக்செஸ் பாயின்ட் ஆக்குவது

தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை பக்கத்து வீடுகளின் வாகு தெரியும்தானே? முகப்பு குறுகல், உள்ளே ஒன்றன்பின் ஒன்றாக அறைகள், கடைசியில் அடுக்களை. ஃபைபர் இணைப்பு கொடுக்க வருபவர் பெட்டியை வாசல் சுவரிலேயே மாட்டிவிட்டுப் போய்விடுவார். நடுவில் செங்கல் சுவர்கள், ஓர் இரும்பு பீரோ. பின்கட்டில் சிக்னல் ஒரு கோடு காட்டினாலே பெரிய விஷயம்.

இதற்காக அதிக வேக பிளானுக்கு மாறுவது தண்டச் செலவு. ரிப்பீட்டரும் எனக்குப் பிடிக்காது. ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பிக் கொடுக்கும் சாதாரண ரிப்பீட்டரில் வேகம் பாதிக்குப் பாதி போய்விடும். பரணில் கிடக்கும் பழைய ரவுட்டரும் ஒரு கேபிளும் போதும். வாசல் பெட்டியிலிருந்து கேபிள் வழியே நெட் வாங்கிப் பின்கட்டில் வைஃபையாகக் கொடுக்கும்; அதற்குத்தான் அக்செஸ் பாயின்ட் என்று பெயர்.

1. கேபிள்

ரிச்சி தெருவில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். கேட்6, முழுத் தாமிரம் என்று கேட்டு வாங்குங்கள். தாமிரப் பூச்சு போட்ட அலுமினியக் கம்பியும் பார்க்க அப்படியேதான் இருக்கும். கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அதை வாங்காதீர்கள், மடக்கினால் முறியும். கிரிம்ப் செய்யும்போது, அதாவது முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்தும்போது, இரு முனையிலும் ஒரே வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு.

2. ரீசெட்

பழைய ரவுட்டரின் பின்னால் உள்ள சிறு துளையில் ஊசியால் பத்து விநாடி அழுத்துங்கள். பழைய ரவுட்டரை மட்டும்! வாசல் பெட்டியை ரீசெட் செய்தால் இணைப்புக்கான யூசர்நேம், வி-லேன் எண் எல்லாம் அழிந்துபோகலாம். அப்புறம் ஆள் வரும்வரை நெட் கிடையாது.

3. முகவரி மாற்றம்

பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். இரண்டு பெட்டிகளுமே பெரும்பாலும் 192.168.1.1 என்ற முகவரியோடுதான் வருகின்றன. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவிலக்கம் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? அதனால் கேபிளை இப்போதே செருகாதீர்கள். கீழே உள்ள வரிசையும் மாறக்கூடாது.

முதலில் வாசல் வைஃபையில் இருந்தபடி பிரவுசரில் வாசல் பெட்டியின் முகவரியை அடித்து அதன் பக்கத்தைத் திறந்து, டி.எச்.சி.பி. (போன், டி.வி. போன்றவற்றுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வேலை) பகுதியில் முகவரிகள் எதுவரை பங்கிடப்படுகின்றன என்று பாருங்கள். 254 வரை இருந்தால் 200 என்று குறைத்துவிடுங்கள். பிறகு போனைப் பழைய ரவுட்டரின் வைஃபையில் இணைத்து, அதன் பக்கத்தையும் அதேபோல் திறந்து, லேன் (வீட்டுக்குள் இருக்கும் நெட்வொர்க்) முகவரியை 192.168.1.250 ஆக்குங்கள். (வாசல் பெட்டி 192.168.0.1 என்றால் 192.168.0.250.) ரவுட்டர் தானே அணைந்து எழும். வைஃபையில் மறுபடி இணைந்து புதிய முகவரியைத் திறந்து, இப்போது டி.எச்.சி.பி.யை அணையுங்கள். உடனே அந்தப் பக்கம் திறக்காமல் போகலாம். பயப்பட வேண்டாம், ரவுட்டர் கெட்டுப்போகவில்லை. போனுக்கு முகவரி கொடுக்க ஆளில்லை, அவ்வளவுதான். கேபிள் போட்டதும் வாசல் பெட்டி கொடுத்துவிடும்.

உங்கள் ரவுட்டரின் மெனுவில் 'அக்செஸ் பாயின்ட் மோட்' இருந்தால் இந்தப் பாடு எதுவும் வேண்டாம். அதைத் தேர்ந்தெடுத்தாலே இந்தப் படி முடிந்தது.

4. இணைப்பு

வாசல் பெட்டியின் லேன் போர்ட்டிலிருந்து பழைய ரவுட்டரின் லேன் போர்ட்டுக்கு. நிறம் மாறியிருக்கும் வான் போர்ட்டில் (வெளியிலிருந்து வரும் நெட்டுக்கானது) செருகினாலும் சில சமயம் நெட் வரும், ஆனால் பின்கட்டு தனி நெட்வொர்க் ஆகிவிடும். அங்கிருக்கும் போனுக்கு முன்னறை டி.வி.யும் பிரின்டரும் தெரியாது.

5. வைஃபை

இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட். பாதுகாப்பு டபிள்யூ.பி.ஏ.2, ஏ.இ.எஸ்.; பாஸ்வேர்ட் அடிக்காமலே இணைக்கும் டபிள்யூ.பி.எஸ். வேண்டாம், அணைத்துவிடுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11. முன்பக்கம் 1 என்றால் பின்பக்கம் 6 அல்லது 11. அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். சுவரோடு சுவர் ஒட்டிய நம் தெருக்களில் 'ஆட்டோ'வை நான் நம்புவதில்லை. சேனல் நெரிசலைக் காட்டும் இலவச ஆப் ஒன்றைப் போட்டுப் பார்த்து, காலியானதை நீங்களே எடுங்கள்.

பராமரிப்பு

காசிமேடு, திருவொற்றியூர் போலக் கடலை ஒட்டியிருப்பவர்களுக்கு உப்புக்காற்றுதான் எதிரி. அடாப்டர் பின்னில் பச்சை பூத்தால் ரவுட்டர் அடிக்கடி அணைந்து எழும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு உலர்ந்த துணியால் துடையுங்கள். கரண்ட் போனாலும் நெட் வேண்டுமென்றால் மினி யு.பி.எஸ். நல்லது. வாங்குமுன் ரவுட்டரின் அடியில் 9 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பாருங்கள். இரண்டு பெட்டிக்கும் தனித்தனி யு.பி.எஸ். வேண்டியிருக்கும்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

முகவரி அடித்தால் பக்கம் திறக்கவில்லையா? மொபைல் டேட்டாவை அணையுங்கள். வைஃபையில் நெட் இல்லை என்று தெரிந்ததும் போன் சத்தமில்லாமல் டேட்டாவுக்குத் தாவிவிடும்.

200 எம்.பி.பி.எஸ். பிளானில் பின்கட்டில் 90 சொச்சம்தான் வருகிறதா? பழைய ரவுட்டரின் போர்ட் 10/100 வகையாக இருக்கும். அதில் அவ்வளவுதான் வரும். போர்ட் கிகாபிட் என்றால் கிரிம்பிங்கைப் பாருங்கள், எட்டில் ஏதோ ஒரு கம்பி தொடாமல் இருக்கலாம்.

அடுக்களைக்குப் போன பிறகும் போன் வாசல் வைஃபையையே பிடித்துக்கொண்டிருந்தால், வாசல் பெட்டியின் டிரான்ஸ்மிட் பவரை (வைஃபை சிக்னலின் பலம்) ஒரு படி குறைத்துப் பாருங்கள்.