ஜின்னில் ஓர் ஓல்ட் ஃபேஷன்ட்

ஓல்ட் ஃபேஷன்ட் என்னும் காக்டெய்ல் என்றாலே விஸ்கிதான் என்ற எண்ணம் பலரிடம் வேரூன்றிவிட்டது. ஆனால் 1806-இல் நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் நகரில் வெளியான செய்தித்தாள் ஒன்று, காக்டெய்ல் என்பது ஏதேனும் ஒரு மதுவுடன் சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் (மூலிகைகளை மதுவில் ஊறவைத்த கசப்புச் சாறு) சேர்ந்த கலவை என்றே விளக்கம் தந்தது. ஓல்ட் ஃபேஷன்ட் அந்தப் பழைய கலவையின் வழிவந்ததே. ஆகவே இதில் ஜின்னைச் சேர்ப்பது மரபை மீறுவதாகாது.

அதற்காக விஸ்கி இருந்த இடத்தில் அதே அளவு ஜின்னை ஊற்றிவிட்டால் போதாது. ஓக் பீப்பாயில் ஊறிய விஸ்கிக்கு வனிலா மணமும் மெல்லிய துவர்ப்பும் உண்டு. அந்தக் கனம்தான் சர்க்கரையையும் அங்கோஸ்டுரா பிட்டர்ஸின் காரமான மணத்தையும் தாங்கி நிற்கிறது. பீப்பாயைக் காணாத ஜின்னிலோ அதற்கு அடிப்படை மணம் தரும் ஜூனிப்பர் காயின் பைன் மணமும் கொத்தமல்லி விதையின் நறுமணமும் முன்நிற்பதால், இனிப்பையும் கசப்பையும் பழைய அளவிலேயே சேர்த்தால் அவை ஜின்னை அமுக்கிவிடும். இரண்டையும் குறைத்துக்கொள்வதே இந்தப் பானத்தின் உயிர்நாடி என்பது என் உறுதியான கருத்து.

ஒருவருக்கு 60 மி.லி. ஜின் போதும். ஐஸ் உருகி நீர்க்கும் என்பதால், 43 முதல் 47 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட லண்டன் டிரை வகையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இரண்டு பங்கு வெள்ளைச் சர்க்கரையை ஒரு பங்கு வெந்நீரில் கரைத்து ஆறவைத்த பாகில் 5 மி.லி. எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டுச் சர்க்கரை, வெல்லம் போன்றவற்றின் அழுத்தமான சுவை ஜூனிப்பரை மறைத்துவிடும். அங்கோஸ்டுராவுக்குப் பதிலாக ஆரஞ்சு பிட்டர்ஸ் புட்டியை இரண்டு முறை மட்டும் உதறுங்கள்.

இவை மூன்றையும் கலக்கும் குவளையில் ஊற்றி, ஐஸ் நிரப்பி, நீண்ட கரண்டியால் சுமார் 20 விநாடிகள் சுழற்றிக் கலக்குங்கள். பழச்சாறு சேராத பானம் என்பதால் குலுக்கக் கூடாது. குலுக்கினால் காற்றுக் குமிழிகள் புகுந்து கலங்கிவிடும். பிறகு ஒரு சொட்டைச் சுவைத்துப் பாருங்கள். நாக்கில் மதுவின் எரிச்சல் தெரிந்தால் இன்னும் சில விநாடிகள் கலக்கலாம்.

பரிமாறும் கிளாஸில் இடும் ஐஸ் ஒரே பெரிய கட்டியாக இருக்க வேண்டும். அது மெதுவாக உருகும். உறைபெட்டியிலிருந்து எடுத்தவுடன் பானத்தை ஊற்றினால் கட்டி வெடித்துவிடும் என்பதால், மேலே படிந்த வெண்பூச்சு மறைந்து கண்ணாடிபோல் தெளியும்வரை காத்திருந்து, அதன் பிறகே கலவையை வடித்து ஊற்றுங்கள்.

கடைசியாக எலுமிச்சைத் தோல். உள்ளிருக்கும் வெண்பகுதி கசக்கும் என்பதால் மஞ்சள் பகுதியை மட்டும் மெல்லிய பட்டையாகச் சீவி, வெளிப்புறம் பானத்தை நோக்கியிருக்குமாறு பிடித்து மடித்து அழுத்துங்கள். நுண்ணிய எண்ணெய்த் துளிகள் பீய்ச்சி, பானத்தின் மேல் மினுமினுப்பாகப் படர்வது வெளிச்சத்தில் தெரியும். முதல் வாயில் எழும் மணத்தில் பெரும்பங்கு இந்த எண்ணெயுடையதே. ஆகவே இதை வெறும் அலங்காரமாக எண்ணித் தவிர்க்க வேண்டாம்.

பீப்பாயில் ஊறவைத்த ஜின் கிடைத்தால் கணக்கு மாறும். அதில் ஓக்கின் சுவை இருப்பதால், அங்கோஸ்டுராவையும் ஆரஞ்சுத் தோலையும் தயங்காமல் பயன்படுத்தலாம்.