காக்காய்ப்பொன்னா, பொன்னா? ஆற்றுமணலை அரித்துப் பார்க்கும் முறை

பெண்ணையாறு கடலில் கலக்கும் தாழங்குடாப் பக்கம் வெள்ளம் வடிந்த பிறகு நடந்தால், ஈரமணலில் மஞ்சள் துகள்கள் மின்னுவதைக் காணலாம். கடலூரில் பள்ளிப் பிள்ளைகள் அவற்றைத் தாளில் மடித்துக் கொண்டுவந்து, தங்கமா என்று என்னிடம் கேட்பதுண்டு. அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முறையையே இங்கே எழுதுகிறேன். மினுமினுப்பை நம்பாதீர்கள், எடையை நம்புங்கள்.

முதலில் ஒரு சிட்டிகை மணலை வெள்ளைத் தட்டில் பரப்பி, வெயிலில் ஒருமுறையும் உங்கள் நிழலில் ஒருமுறையும் திருப்பிப் பாருங்கள். காக்காய்ப்பொன் என்று நம் பெரியவர்கள் சரியாகவே பெயரிட்ட அப்பிரகம், ஒளி படும் கோணத்தில் மட்டும் பளிச்சிட்டு நிழலில் மங்கிவிடும். பொன்னோ நிழலிலும் அதே மஞ்சளாக இருக்கும். அடுத்து, துகளை ஊசிமுனையால் அழுத்துங்கள். அப்பிரகம் ஏடு ஏடாக உரியும். இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் நொறுங்கும். பொன் மட்டும் குழிந்துகொடுக்கும், உடையாது. பெரும்பாலான கேள்விகளுக்கு இந்த இரண்டு சோதனைகளிலேயே விடை கிடைத்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத நுண்துகள் இருக்கிறதா என்று அறிய, மணலை அரிக்க வேண்டும். அரிசியில் கல் அரிக்க வீடுகளில் வைத்திருந்த அரிக்கன்சட்டி இதற்கு மிகவும் பொருத்தமானது. உட்புறத்தில் உள்ள வரிகள் கனமானதைப் பிடித்து நிறுத்திக்கொள்ளும். அது கிடைக்காவிட்டால் சரிந்த விளிம்புள்ள அகலமான பிளாஸ்டிக் பேசின் போதும். எதை எடுத்தாலும் பிறகு அதைச் சமையலுக்குத் திருப்ப வேண்டாம்.

மணலை அரிப்பதற்கு முன் உங்கள் கையைச் சோதித்துக்கொள்ளுங்கள். வலையில் கட்டும் ஈயக்குண்டு ஒன்றை வாங்கி, அதிலிருந்து மணல்மணி அளவில் பத்துத் துணுக்குகளை நறுக்கி, இரண்டு கை மணலில் கலந்துவிடுங்கள். சட்டியை நீருக்குள் அமிழ்த்தி, களிமண் கரையும்வரை விரலால் கிளறி, கூழாங்கற்களைப் பொறுக்கி எறியுங்கள். பிறகு சட்டியை நீருக்குள்ளேயே இடமும் வலமும் பலமாக அசைத்தால் கனமான மணிகள் அடிக்கு இறங்கும். அதற்குப் பின்பே சட்டியைச் சற்றுச் சரித்து, மேலே நிற்கும் வெண்மணலை நீர் மெல்ல வழித்துக்கொண்டு போகும்படி விடவேண்டும். அசைப்பது, சரிப்பது, மறுபடி அசைப்பது என்று பதினைந்து நிமிடம் பொறுமையாகச் செய்தால் ஒரு கரண்டி அளவு கருமணல் மிஞ்சும். அதில் பத்து ஈயத்துணுக்குகளும் இருந்தால் உங்கள் கை தேறிவிட்டது; ஏழுதான் இருக்கிறது என்றால் சட்டியை அவசரப்பட்டுச் சரித்திருக்கிறீர்கள். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

நீரின் அடர்த்தியை 1 என்று கொண்டால் ஈயத்தின் அடர்த்தி 11.3, பொன்னின் அடர்த்தி 19.3, வெண்மணலாகிய குவார்ட்ஸின் அடர்த்தி 2.65. நீருக்குள் மூழ்கியிருக்கும்போது, ஒரே பருமனுள்ள பொன்மணி மணல்மணியைப் போல் 11 மடங்கு கனக்கும். ஈயத்தைத் தக்கவைத்த கைக்கு அதே அளவுள்ள பொன்மணி தப்பாது என்று சொல்வது இதனால்தான்.

இனி ஈயம் கலக்காத மணலை அதேபோல் அரியுங்கள். மிஞ்சும் கருமணலை உலர்த்தி, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய காந்தத்தை அதன் மேல் நகர்த்தினால் மேக்னடைட் என்ற இரும்புத்தாது ஒட்டிக்கொண்டு வந்துவிடும். எஞ்சியதில் கருப்பாக இல்மனைட், இளஞ்சிவப்பாகக் கார்னெட் என்ற கனமான கனிமங்கள் தெரியும். அதன்மேல் சிறிது நீர் விட்டு மெதுவாகச் சுழற்றுங்கள். எல்லா மணலும் முன்னே ஓடிய பிறகு, கடைசியாக நகராமல் நிற்கும் வாலில் மஞ்சள் இருக்கிறதா என்று உருப்பெருக்கியால் பாருங்கள்.

அங்கே எதுவும் இல்லாமல் போவதே இயல்பு, அதற்குக் காரணமும் உண்டு. பெண்ணை என்ற சொல் பனையைக் குறிக்கும், பொன்னை அன்று. கர்நாடகத்தின் கோலார் பொன்வயல் பாலாற்றுப் படுகையில் இருப்பது. அங்கிருந்து வரும் மண் கடலூருக்கு வர வழியில்லை. ஆழத்திலிருந்து எழும்பிய வெந்நீர் கந்தகத்தோடு பொன்னைக் கரைத்துக்கொண்டு பாறைப் பிளவுகளில் ஏறி, சூடும் அழுத்தமும் குறைந்த இடத்தில் குவார்ட்ஸோடு சேர்த்து அதைப் படியவிட்டதால் உருவானவை கோலாரின் பொன்னரம்புகள். அவற்றைத் தாங்கிய பாறைகளின் வயது ஏறத்தாழ 270 கோடி ஆண்டுகள். தமிழ்நாட்டிலிருந்து போன ஏராளமான குடும்பங்கள் உழைத்த அந்தச் சுரங்கம் சுமார் 3,200 மீட்டர் ஆழம்வரை இறங்கி, 2001இல் மூடப்பட்டது. பெண்ணையாற்றில் மேலே கனமான வண்டல் ஏதும் வந்தாலும், அதில் பெரும்பகுதியைக் கிருஷ்ணகிரி அணையும் சாத்தனூர் அணையும் தடுத்துவிடும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நுண்துகளைத் திரட்டப் பாதரசம் ஊற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தக் கலவையைச் சூடாக்கும்போது எழும் ஆவி நரம்புகளைக் கெடுக்கும். முகத்துவாரச் சேற்றில் விழுந்த பாதரசம் நச்சுக் கூட்டுப்பொருளாக மாறி, மீனின் உடலில் சேர்ந்து, நம் தட்டுக்கே திரும்பிவரும். பெரிய ஆலைகளில் பாறையை மாவாக அரைத்து, நீர்த்த சயனைடு கரைசலில் பொன்னைக் கரைத்துப் பிரிக்கிறார்கள். 1887இல் கண்டறியப்பட்ட அந்த முறையும் தேர்ந்த கண்காணிப்புக்குள் நடக்க வேண்டியது, வீட்டுக்கு உரியதன்று. நைட்ரிக் அமிலச் சோதனையையும் உரைகல்லையும் பத்தரிடமே விட்டுவிடுங்கள்.

பார்ப்பதற்கு இரண்டு கை மணலே போதும். அனுமதியின்றி மணல் அள்ளுவது குற்றம் என்பதால் அதையும் எடுத்த இடத்திலேயே கொட்டிவிடுங்கள். எல்லாச் சோதனையையும் தாண்டி ஒரு மஞ்சள் மணி நின்றால், அதை நீர் நிரப்பிய சிறு கண்ணாடிக் குப்பியில் இட்டு, எடுத்த இடத்தையும் தேதியையும் எழுதி ஒட்டி, சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் புவி அறிவியல் துறையில் காட்டிக் கேளுங்கள்.