பினாங்கிலிருந்து காட்ஸ்வொல்ட்ஸுக்கு: ஜோடியாக நடக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

இங்கிலாந்து போகிறேன் என்று சொன்னதும் நம் சொந்தக்காரர்கள் சொல்லும் திட்டம் ஒன்றே ஒன்றுதான்: லண்டனில் நாலு நாள், ஏதாவது ஒரு பந்து மைதானத்தின் வாசலில் போட்டோ, அப்புறம் கோச்சில் ஏறி ஒரே நாளில் ஐந்து கிராமம். அந்த கோச் டிக்கெட்டை மட்டும் வாங்காதீர்கள். காட்ஸ்வொல்ட்ஸ் என்கிற அந்தக் குன்றும் கிராமமுமான பகுதியில் ஒரு சின்ன ஊரில் ஐந்து இரவு அறை எடுத்துத் தங்கி, தினமும் அங்கிருந்து காலாற நடந்து போய்த் திரும்புங்கள். நானும் வீட்டுக்காரரும் அப்படித்தான் போனோம், இரண்டு பேருக்கும் ஐம்பது தாண்டியாயிற்று, ஒன்றும் ஆகவில்லை.

முதலில் காகித வேலை. 2025 ஜனவரி 8 முதல் மலேசியர்களுக்கும் ஈடிஏ, அதாவது விசாவுக்குப் பதிலாக முன்கூட்டியே எடுக்கும் மின்னணு பயண அனுமதி, கட்டாயம். ஆளுக்கு ஒன்று தனித்தனியாக எடுக்க வேண்டும், பாஸ்போர்ட் அதற்குள் முடியாவிட்டால் இரண்டு வருடம் செல்லும். கட்டணம் 10 பவுண்டில் தொடங்கி 2025 ஏப்ரலில் 16 ஆனது, அதனால் விண்ணப்பிக்கும் அன்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பிளக்குக்கு அடாப்டர் வேண்டாம், நம் வீட்டு மூன்று முள் பிளக்கேதான் அங்கேயும்.

லண்டன் பேடிங்டன் ஸ்டேஷனிலிருந்து காட்ஸ்வொல்ட்ஸில் உள்ள மோர்ட்டன்-இன்-மார்ஷுக்கு ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். டூ டுகெதர் ரயில்கார்டு என்று இரண்டு பேருக்கான தள்ளுபடி அட்டை எடுத்தால் டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும். ஆனால் வார நாட்களில் காலை 9:30க்கு முன் செல்லாது, கார்டில் பெயர் உள்ள இருவரும் சேர்ந்தேதான் போக வேண்டும். சண்டை போட்டுக்கொண்டு வேறு வேறு ரயிலில் ஏறினால் முழுக் கட்டணம்தான்.

சரி, நடைக்கு வருவோம். நம் ஆட்களுக்கு மனதில் ஏறவே ஏறாத விஷயம் இது: அங்கே பொது நடைபாதை என்பது பெரும்பாலும் தனியார் வயலுக்கு நடுவிலேயே போகும், அதில் நடக்க யாருக்கும் சட்டப்படி உரிமை உண்டு. முதல் நாள் ஒரு கேட் முன்னால் பத்து நிமிடம் நின்றோம். உள்ளே முழுக்க ஆடுகள், கம்பத்தில் ஒரு மஞ்சள் அம்புக்குறி. "யார் நிலமோ என்னமோ, நாயை அவிழ்த்து விட்டான்னா என்ன பண்றது?" என்று இவர் நகர மறுத்துவிட்டார். பின்னாலிருந்து ஒரு பாட்டி வந்தார், குட் மார்னிங் சொல்லிக் கேட்டைத் திறந்தார், தன் நாயோடு ஆடுகளுக்கு நடுவே போய்க்கொண்டே இருந்தார். மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு. நீல அம்பு என்றால் குதிரையும் சைக்கிளும்கூட வரும். கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டு வர வேண்டும், மூடியிருந்தால் மூட வேண்டும். கன்றோடு மாடு நின்றால் வீரம் காட்டாமல் சுற்றிப் போங்கள்.

போனில் வரைபடம் இருந்தாலும் ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனத்தின் எக்ஸ்ப்ளோரர் வரைபடம், எண் ஓஎல்45, காகிதத்திலேயே ஒன்று வாங்கிவிடுங்கள். 1:25,000 அளவு, அதாவது வரைபடத்தில் 4 சென்டிமீட்டர் தரையில் ஒரு கிலோமீட்டர். பச்சைப் புள்ளிக்கோடு என்றால் நடக்க உரிமை உள்ள பாதை. கறுப்புப் புள்ளிக்கோடு தரையில் ஒரு தடம் இருப்பதை மட்டும்தான் காட்டும், உரிமைக்கு உத்தரவாதம் இல்லை. இது தெரியாமல் இவர் கறுப்பைப் பிடித்து என்னை இழுத்துக்கொண்டு போய் யாரோ ஒருவரின் வைக்கோல் கொட்டகையில் நிறுத்தினார். வந்த வழியே திரும்பினோம், ஒரு மணி நேரம் பேச்சுவார்த்தை இல்லை. அடுத்த நாளிலிருந்து வரைபடம் என் கையில்.

எளிதான முதல் நடை போர்ட்டன்-ஆன்-த-வாட்டரிலிருந்து லோவர் ஸ்லாட்டர், அங்கிருந்து ஆற்றோரமாக அப்பர் ஸ்லாட்டர். ஸ்லாட்டர் என்ற பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், சேற்று நிலத்தைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள். மழைக்கு அடுத்த நாள் போனால் நீங்களே நம்புவீர்கள். அப்பர் ஸ்லாட்டரிலிருந்து இரண்டு உலகப் போருக்கும் போன அத்தனை பேரும் உயிரோடு திரும்பினார்கள், அப்படிப்பட்ட ஊர்கள் அந்த நாட்டிலேயே மிகக் குறைவு. கொஞ்சம் பழகிய பிறகு சிப்பிங் கேம்ப்டனிலிருந்து பிராட்வேக்கு நடங்கள், சுமார் 10 கிலோமீட்டர். 164 கிலோமீட்டர் ஓடி பாத் நகரில் முடியும் காட்ஸ்வொல்ட் வே என்ற நீண்ட நடைபாதையின் முதல் துண்டு அது. வழியில் பிராட்வே டவர், 1798இல் கட்டியது, 312 மீட்டர் உயர மேட்டில் நிற்கிறது. நம் பினாங்கு மலை 833 மீட்டர் என்று அலட்சியமாக இருக்காதீர்கள், சேறும் கேட்டும் வேலி தாண்டும் மரப்படியுமாக, மணிக்கு 3 கிலோமீட்டர் போனாலே பெரிய விஷயம்.

அதற்கு இங்கேயே பழக வேண்டும். இரண்டு மாதம் முன்பே சப்பாத்து வாங்கி, அதைப் போட்டுக்கொண்டே வாரம் ஒருமுறை தாவரவியல் பூங்காவிலிருந்து ஜீப் பாதையில் மலை ஏறுங்கள். (தண்ணீர்மலை முருகன் கோயில் படியும் நல்ல பயிற்சிதான், சப்பாத்தைக் கழற்ற வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.) புதுச் சப்பாத்தை அங்கே போய்ப் பிரித்தால் இரண்டாம் நாளே கொப்புளம்.

சாப்பாடு: பல பப்களில் சமையலறை மதியம் இரண்டு, இரண்டரைக்கு மூடிவிட்டு மாலையில்தான் திறக்கும், நம் ஊர் மாமாக் கடை நினைப்பில் நாலு மணிக்குப் போனால் சிப்ஸ் பாக்கெட்தான். மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு கவுன்டரில் போய் ஆர்டர் கொடுக்க வேண்டும். சைடர் ஆப்பிள் ஜூஸ் இல்லை, அதில் மது உண்டு. எனக்கு அரை கிளாஸ் உள்ளே போன பிறகுதான் தெரிந்தது.

ஜூனில் போனால் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும், அதை நம்பி பஸ்ஸைக் கோட்டைவிடாதீர்கள். கிராமத்து பஸ் சீக்கிரம் நின்றுவிடும், ஞாயிற்றுக்கிழமை இன்னும் மோசம். காலையில் இறங்கும்போதே நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையை போனில் படம் எடுத்துவிடுங்கள், சாயங்காலம் பஸ் வரும்போது கையை நீட்டுங்கள், இல்லையென்றால் நிற்காமல் போய்விடும்.