ஒப்பனையும் தொழுகையும்: பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இஸ்லாம் பெண்ணின் அலங்காரத்தைத் தடுக்கவில்லை. ஆண்களுக்கு விலக்கப்பட்ட தங்கமும் பட்டும் பெண்களுக்கு ஆகுமானவை. குர்ஆனின் ஏழாம் அத்தியாயம் 31ஆம் வசனம், தொழுமிடங்களில் அலங்காரத்தோடு இருக்கும்படியே ஏவுகிறது. ஆகவே வளையலைக் கழற்றினால்தான் தொழுகை கூடும், கருகமணி கழுத்தில் கிடந்தால் தொழுகை குறைவுபடும், மருதாணி இட்ட கையோடு தக்பீர் கட்டக் (தொழுகையைத் தொடங்கக்) கூடாது என்று மூத்த பெண்கள் சிலர் சொல்லிவருவதற்கு ஆதாரம் இல்லை. கவனிக்க வேண்டியவை இரண்டே: உளூவிலும் (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவித் தலையைத் தடவும் சுத்தம்) கடமையான குளிப்பிலும் கழுவ வேண்டிய இடமெல்லாம் தண்ணீர் பட்டதா, தொழும்போது மறைக்க வேண்டிய இடமெல்லாம் மறைந்திருந்ததா. தேவையற்ற கெடுபிடி ஒரு பக்கமும், இந்த இரண்டில் அலட்சியம் மறுபக்கமுமாகத்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியில் உருது பேசுவோரும் தமிழ் பேசுவோருமாகப் பெரும்பாலானோர் ஹனஃபி மத்ஹபைப் (சட்ட மரபைப்) பின்பற்றுவதால் இங்கே அந்தச் சட்டங்களையே சொல்கிறேன். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களிலிருந்து மருமகளாக வந்தவர்கள் ஷாஃபி மத்ஹபைச் சேர்ந்தவர்களாக இருக்கலாம் என்பதால், முக்கியமாக வேறுபடும் இடங்களையும் குறிப்பிடுகிறேன்.

நகப்பூச்சிலிருந்து தொடங்குவோம். அது நிறம் மட்டுமல்ல, நகத்தின் மேல் காய்ந்து நிற்கும் ஒரு படலம். முகத்தையும் முழங்கை வரை கைகளையும் கணுக்கால் வரை பாதங்களையும் கழுவும்படி ஐந்தாம் அத்தியாயம் 6ஆம் வசனம் கட்டளையிடுகிறது. அந்தக் கைக்குள் நகமும் அடக்கம். உளூ செய்த ஒருவர் தம் பாதத்தில் நகமளவு இடத்தைக் கழுவாமல் விட்டதைப் பார்த்த நபி (ஸல்) அவர்கள், திரும்பிச் சென்று உளூவை நன்றாகச் செய்யும்படி சொன்னதாக ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் வருகிறது. உளூ செய்த பிறகு பூசிக்கொண்டால் அந்த உளூ முறியும் வரை தொழுவதில் தடையில்லை. முறிந்தபின் பூச்சை அகற்றாமல் செய்யும் உளூ உளூவே ஆகாது. தோல் காலுறையின் மேல் மஸஹ் செய்வதைப் (ஈரக் கையால் தடவுவதைப்) போல நகப்பூச்சின் மேலும் தடவிக்கொள்ளலாம் என்று வாதிடுவோர் உண்டு. காலுறைக்கு நபிவழியில் தனி அனுமதி இருக்கிறது, நகப்பூச்சுக்கு இல்லை. ‘ஹலால்’ என்று அச்சிட்டு விற்கப்படும் பூச்சுகளை அட்டையில் உள்ள எழுத்தை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. அதில் பன்றிக் கொழுப்பு இல்லை என்பது ஒரு செய்தி, தண்ணீர் உள்ளே இறங்கும் என்பது வேறொரு செய்தி. காற்றும் ஈரப்பதமும் புகும் என்ற விளம்பரம்கூட, ஒரு கை தண்ணீரை ஊற்றினால் அது நகத்தை நனைக்கும் என்பதற்குச் சான்றாகாது.

மருதாணி இதற்கு நேர்மாறானது. அரைத்த விழுதைக் கழுவியபின் தங்குவது நிறம் மட்டுமே. அது தண்ணீரைத் தடுக்காது. விழுதுதான் தடுக்கும். இரவில் இட்டுக்கொண்டு ஃபஜ்ருக்கு (அதிகாலைத் தொழுகைக்கு) எழும்போது நகக்கண்ணிலும் விரலிடுக்கிலும் பச்சைத் துணுக்குகள் காய்ந்து ஒட்டியிருக்கும். எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் தொட்டு வைத்திருந்தால் இன்னும் இறுகியிருக்கும். தேங்காய் எண்ணெய் விட்டுத் தேய்த்து அவற்றை எடுத்த பிறகே உளூ செய்ய வேண்டும். கடைக் கோன்களில் சில, மினுமினுப்பு சேர்த்த பசை வகை. விரலால் சுரண்டினால் தாளாக உரிந்து வரும் எதுவும் படலம்தான், அதை மருதாணிக் கணக்கில் சேர்க்க முடியாது. நகத்தை நீளமாக வளர்ப்பவர்களுக்கு நம் ஊர்ச் சமையலறை இன்னொரு சோதனை வைக்கிறது. நகத்தடியில் சேரும் சாதாரண அழுக்கைச் சட்டநூல்கள் மன்னிக்கின்றன. காய்ந்த மாவை மன்னிப்பதில்லை. கேழ்வரகுக் களி கிளறிய கையும் ரொட்டி மாவு பிசைந்த கையும் கவனத்துக்குரியவை.

தண்ணீர் புகாத மை, மஸ்காரா, கெட்டியான உதட்டுச் சாயம், ஒட்டு இமை, ஒட்டு நகம் எல்லாவற்றுக்கும் இதே அளவுகோல். வாயை இயல்பாக மூடும்போது வெளியே தெரியும் உதடு முகத்தைச் சேர்ந்தது. எண்ணெயும் வாஸலினும் தடையல்ல. இறுக்கமான மோதிரத்தைச் சுழற்றிவிட வேண்டும். மூக்குத்தித் துளைக்குள் தண்ணீர் போவது உளூவில் கட்டாயமில்லை. கடமையான குளிப்பில் துளை திறந்திருந்தால் மூக்குத்தியை அசைத்துத் தண்ணீரைச் சேர்க்க வேண்டும்.

குளிப்பின்போது பின்னலை அவிழ்க்க வேண்டுமா என்று நபியின் மனைவியரில் ஒருவரான உம்மு ஸலமா (ரலி) அவர்களே நபியிடம் கேட்டிருக்கிறார்கள். தேவையில்லை, தலையில் மூன்று கை தண்ணீர் ஊற்றினால் போதும் என்று பதில் வந்தது. முடியின் வேர் நனைவது கட்டாயம். ஸ்பிரே அடித்து இறுக்கிய கொண்டையோடு வேர் நனையாதென்றால் அதைக் கலைத்தே ஆக வேண்டும். உளூவில் தலைக்கு மஸஹ் செய்யும்போது ஈரக் கை சொந்த முடியில் பட வேண்டும். முக்காட்டின் மேலோ சவுரியின் மேலோ தடவினால் கூடாது. மனித முடியால் செய்த சவுரியை வைப்பதையே ஹதீஸ் கடுமையாகத் தடுக்கிறது. நூலாலும் கம்பளியாலும் ஆனதை ஹனஃபி அறிஞர்கள் அனுமதிக்கிறார்கள். நம் பக்கத்தில் தாராளமாக விளையும் மல்லிகையையும் சாமந்தியையும் தலையில் வைத்துக்கொண்டு வீட்டில் தொழுவதில் எந்தக் குறையும் இல்லை. பள்ளிவாசலுக்குச் செல்வதானால் மணம் வீசும் பூச்சுகளைத் தவிர்க்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருப்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஆடையில் நடக்கும் தவறுகள் இதைவிட அதிகம், பேசப்படுவதோ குறைவு. முகமும் மணிக்கட்டு வரையிலான கைகளும் தவிர உடல் முழுவதும் மறைய வேண்டும். பாதங்களை ஹனஃபி மத்ஹபின் வலுவான கருத்து விலக்குகிறது, ஷாஃபிகள் அவற்றையும் மறைக்க வேண்டும் என்கிறார்கள். அரைக் கை நைட்டியின் மேல் ஜார்ஜெட் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு தொழுவது பல வீடுகளில் பழக்கமாகிவிட்டது. தக்பீருக்குக் கையை உயர்த்தும்போது முழங்கை தெரிகிறது, ருகூவில் (குனிந்து நிற்கும்போது) துப்பட்டா முன்னால் சரிகிறது, வெளிச்சத்தில் நின்றால் துணியின் ஊடே கூந்தலின் கறுப்பு தெரிகிறது. முன்கை, காது, தொங்கும் கூந்தல் ஒவ்வொன்றும் சட்டத்தில் தனி உறுப்பு. ஏதாவது ஒன்றில் கால் பங்கு, மூன்று முறை ‘ஸுப்ஹானல்லாஹ்’ சொல்லும் நேரம் திறந்திருந்தால் தொழுகை முறிந்துவிடும். பழைய தலைமுறைப் பெண்கள் தொழுகைக்கென்றே வைத்திருந்த பருத்தி மக்கனா (நீண்ட முக்காடு) இந்தச் சிக்கல்கள் அனைத்தையும் ஒரே துணியில் தீர்த்துவிடும். உயிரினப் படம் போட்ட நைட்டியோடு தொழுவதும் கடுமையான மக்ரூஹ் (வெறுக்கப்பட்டது). ஸஜ்தாவில் (நெற்றியைத் தரையில் வைக்கும்போது) முக்காட்டின் விளிம்பு நெற்றிக்கும் தரைக்கும் நடுவே மாட்டிக்கொள்வதை ஹனஃபிகள் மக்ரூஹ் என்கிறார்கள். ஷாஃபிகளிடம் நெற்றியின் ஒரு பகுதியாவது நேரடியாகத் தரையில் படாவிட்டால் ஸஜ்தாவே கூடாது.

என் பார்வையில் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு கல்யாண மண்டபத்தில் நடக்கிறது. மூன்று மணிக்கு ஒப்பனைக்கு அமரும் மணப்பெண் அஸர் (மாலை), மக்ரிப் (அந்தி), இஷா (இரவு) தொழுகைகளை இழக்கிறாள். சுற்றியிருப்பவர்கள் ‘இன்றைக்கு ஒரு நாள்தானே’ என்று சமாதானம் சொல்கிறார்கள். மேக்கப் கலையும் என்பதற்காகத் தயம்மும் (தண்ணீருக்குப் பதிலாக மண்ணால் செய்யும் தூய்மை) செய்யச் சொல்பவர்களும் உண்டு. தண்ணீர் கிடைக்காதவருக்கும் தண்ணீர் பட்டால் நோய் கூடும் என்றிருப்பவருக்கும் உரியது தயம்மும். கோடையில் போர்வெல் வற்றும் மாவட்டம்தான் நம்முடையது என்றாலும், மண்டபத்து மூலையில் கேன் தண்ணீர் இருக்கும்போது அந்தக் காரணம் செல்லாது. நபி (ஸல்) அவர்கள் உளூ செய்த, ‘முத்து’ என்ற முகத்தலளவு கொண்ட தண்ணீர் ஏறத்தாழ முக்கால் லிட்டர்தான். அஸர் நேரம் தொடங்கியதும் தொழுதுவிட்டு ஒப்பனைக்கு அமர்வதும், முகப்பூச்சை மக்ரிபுக்குப் பின் வைத்துக்கொள்வதும் அழகுக்கலைப் பெண்ணிடம் முன்கூட்டியே பேசி முடிக்கக்கூடிய ஏற்பாடுகள். ஒருவேளை உளூவோடு இருந்து ஒப்பனை செய்துகொண்டால், அந்த உளூ முறியாத வரை அடுத்த வேளையையும் அதே ஒப்பனையோடு தொழலாம்.

நகப்பூச்சோடு உளூ செய்து தொழுதுவந்தவர்கள், விவரம் தெரிந்தபின் அந்தத் தொழுகைகளைக் களாச் செய்ய (விடுபட்டதை ஈடுசெய்து தொழ) வேண்டும். எத்தனை வேளை என்று சரியாக நினைவில்லை என்றால், குறையாது என்று மனம் உறுதிப்படும் அளவுக்குக் கணக்கிட்டு, ஃபர்ளுகளையும் (கட்டாயத் தொழுகைகளையும்) இஷாவுக்குப் பின் தொழும் வித்ரையும் மட்டும் நிறைவேற்றினால் போதும். சுன்னத்துகளுக்கு (நபிவழியான உபரித் தொழுகைகளுக்கு) களா இல்லை.